குடிவர மறுத்த முதலாளி

திருப்பூரில் தையல் வேலை பார்க்கும் செண்பகவல்லி, கடன்பட்டு ஒரு புது ஃப்ளாட் வாங்கினாள். முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. சுவரெல்லாம் விரிசல் விட்டது. கட்டிக்கொடுத்த துரைசிங்கமோ தொழிலில் நொடித்துப் போயிருந்தார். ஆனாலும் அவள் தொடுத்த வழக்கில், நீதிமன்றத்தில் அவருடைய குரல் குறையவில்லை.

"கட்டடம் மலை மாதிரி நிக்குது. குறை இருந்தா இந்தம்மா இங்கேயே, இப்பவே நிரூபிக்கட்டும்!"

வக்கீல் வைக்க வழியில்லாத செண்பகவல்லி கைகூப்பி எழுந்தாள்.

"உங்க பங்களாவை பேங்க்காரங்க பூட்டிட்டாங்களாமே, மனசு கேக்கலைங்க. இந்தாங்க என் வீட்டுச் சாவி. குடும்பத்தோட வந்து இருங்க, வாடகை வேண்டாம்."

துரைசிங்கம் பதறிப்போனார். "அங்கேயா? கூரை பேரன் தலையில விழுந்தா யார் பொறுப்பு?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, அவள் பக்கமே தீர்ப்புச் சொன்னார்.

நீதிமன்ற வாசலில் துரைசிங்கம் தலைகுனிந்து நின்றார். "ஜெயிச்சுட்டம்மா. ஆனா கொடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லை."

அவர் முகத்தைப் பார்த்தாள். அது பொய்யில்லை என்று புரிந்தது.

வீட்டில் கணவன் ஆவலோடு கேட்டான், "என்ன கெடச்சுது?"

"அந்த மனுசன்கிட்ட இருந்து ரெண்டு உண்மை கெடச்சுதுங்க. அதை வச்சுக் கூரையை அடைக்க முடியாது" என்றபடி, நிரம்பியிருந்த வாளியை எடுத்துக் கொட்டப் போனாள்.