வெயிலில் காய்ந்த ஆறு குப்பிகள்

"டீச்சர், நம்மள நல்லா ஏமாத்திட்டானுவ. வந்த ஆறும் செத்தது!"

தாணுமாலயன் அன்றைக்கு இப்படித்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா.

நாகர்கோவிலில் ஒரு மாடி அறை. ஆளுக்கும் வேலைக்கும் ஏற்றபடி டார்ச் லைட் செய்து கொடுக்கிற இடம். டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயசு. சீடர் தாணுமாலயனுக்கு ஐம்பத்தொன்பது. தொலைபேசி இலாகாவில் கேபிள் இழுத்து ஓய்வு பெற்றவர். குரு என்றால் தாடி இருக்கணும் என்பவர்கள் கீழே சலூனில் விசாரித்துக்கொள்ளலாம்.

டப்பாவில் இருந்தவை டிரிட்டியம் குப்பிகள். கண்ணாடி. நீளம் ஓர் அரிசி, தடிமன் அதைவிடக் குறைச்சல். பேட்டரி வேண்டாம், வெயில் வேண்டாம், இருட்டில் தானாகவே பச்சையாக ஒளிரும். டார்ச்சின் உடம்பில் பள்ளம் வெட்டிப் பதித்துவிட்டால், டார்ச் எங்கே கிடக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பன்னிரண்டு வருஷத்தில் வெளிச்சம் பாதியாகும். அப்புறம் பழசைப் பெயர்த்துவிட்டுப் புதுசு போட வேண்டியதுதான்.

அந்தப் பெயர்க்கிற வேலையில்தான் தாணுமாலயனின் மானமே இருந்தது. ஏழு மாசமாகப் படிக்கிறார். பதினோரு குப்பியை உடைத்தாயிற்று. இவர் ட்வீசர் இடுக்கியை எடுத்தால் போதும், டீச்சர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுவிடுவார்.

"எப்ப டீச்சர் என்னைத் தனியா விடுவிய?"

"முதல்ல பிடிச்சு வெச்சிருக்க மூச்சை விடுங்க."

ஏழு மாசமும் இதே பதில். ஒரே ஒரு டார்ச்சைத் தனியாக முடிக்கணும், அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

"செத்ததுன்னு யாரு சொன்னா?" என்றார் ஜெசிந்தா.

"யாரு சொல்லணும்? கண்ணு இருக்கே. மேஜை லைட்டுக்கு அடியில வெச்சுப் பாத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல."

"பொறவு?"

"மொட்டை மாடியில ரெண்டு மணி நேரம் வெயில்ல வெச்சேன்."

"வத்தலா அண்ணாச்சி?"

"சார்ஜ் ஏறட்டும்னுதான்..."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பழைய குப்பி ஆறையும் மாற்ற வந்திருந்த டார்ச்சுக்குச் சொந்தக்காரர் அவர்தான், மரிய சூசை. மீன்பிடி போட்டில் எஞ்சின் பார்ப்பவர். போட்டு நாலு மணிக்குக் கிளம்புகிறது. போனால் கரைக்கு வரப் பத்து நாள் ஆகும்.

"சிரிக்காதியும் வேய்! உம்ம டார்ச்சுக்குத்தான் இந்தக் கஷ்டம்" என்றார் தாணுமாலயன். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "டீச்சர், இப்ப மணி பன்னிரண்டு. வேற குப்பிக்கு எங்க போவேன்?"

ஜெசிந்தா எழுந்து போய், சன்னலே இல்லாத சாமான் அறையைத் திறந்தார். டார்ச்சையும் டப்பாவையும் உள்ளே ஒரு பலகையில் வைத்தார்.

"வாங்க ரெண்டு பேரும்."

போனார்கள். கதவைச் சாத்தினார்.

கும்மிருட்டு.

"ஒண்ணும் தெரியல" என்றார் தாணுமாலயன்.

"ம்."

"நான் சொன்னம்லா. செத்துட்டு."

"ம்."

பளிச்சென்று வெளிச்சம். தாணுமாலயனின் செல்போன்.

"எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு பாத்தேன் டீச்சர்."

ஜெசிந்தா போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "கண்ணு இருட்டுக்குப் பழகணும். இனி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்."

மறுபடி இருட்டு. சும்மா நிற்க முடியாமல் மரிய சூசை, வலையில் சிக்கிய ஓர் ஆமையின் கதையை எடுத்துவிட்டார். ஆமை இவரைப் பார்த்து முறைத்ததாம். இவரும் விடவில்லையாம், திருப்பி முறைத்தாராம். ஆமையை வலையிலிருந்து எடுத்து முடிப்பதற்குள் தாணுமாலயன் கத்தினார்.

"அட! அட அட!"

டப்பாவுக்குள் ஆறு பச்சைக் கோடு. ஒன்றுகூடச் சாகவில்லை.

"அய்யோ, இதையா நான் வெயில்ல போட்டு வாட்டினேன்!" அந்த இருட்டிலேயே அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. இப்போது டார்ச்சிலும் ஆறு கோடு தெரிந்தது. மங்கல்தான், ஆனாலும் தெரிந்தது.

"பழசும் எரியுதுல்லா!" மரிய சூசைக்கு ஒரே சந்தோஷம். "பதினெட்டு வருஷமா என்கூட வாறது இது. உயிரோட இருக்கதை எதுக்குப் பிடுங்கணும்? டார்ச்சைத் தாங்க, நான் பொறப்படுதேன்."

தாணுமாலயன் ஏழு மாசமாகக் காத்திருந்த வேலை, கண்ணெதிரே படியிறங்கிப் போகப்போகிறது. 'பத்தாது, மாத்தியே ஆகணும்' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அது டார்ச்சுக்காகச் சொன்னதா, தன் ஆசைக்காகச் சொன்னதா? அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"டீச்சர், மாத்தணுமா? வேண்டாமா?"

"டார்ச் என்னுதா?"

அதோடு சரி.

தாணுமாலயன் பிறகு மரிய சூசை நின்ற பக்கம் திரும்பினார்.

"சூசை, கடல்ல இதை எப்ப தேடுவீரு?"

"எஞ்சின் ரூம்ல பல்பு பட்டுனு போவும்லா? அப்ப."

"போனதும் பத்து நிமிஷம் உக்காந்து ஆமைக் கதை சொல்லுவீரோ?"

"நல்லாச் சொன்னீரு! எஞ்சின் நின்னா அலை நம்மளச் சும்மா விடுமா? அந்த நிமிஷமே கையில இருக்கணும்."

"டீச்சர், என் போனைத் தாங்க."

போன் வந்தது. தாணுமாலயன் அதன் லைட்டைப் போட்டு மூன்று பேர் முகத்திலும் அடித்தார். பத்து எண்ணினார். அணைத்தார்.

"இப்ப எடும் வேய், உம்ம டார்ச்சை!"

மரிய சூசை கையை நீட்டித் துழாவினார். என்னவோ உருண்டது. இன்னொன்று விழுந்தது. திருகாணி எல்லாம் தரையில் கொட்டுகிற சத்தம்.

"எங்கவே கெடக்கு? இது பெயிண்ட் டப்பாலா!"

"சரி, அதை விடும். புதுக் குப்பி டப்பாவை எடும்."

"இந்தா."

ஒரே எட்டில் எடுத்துவிட்டார்.



"மாத்திருங்க அண்ணாச்சி" என்றார் மரிய சூசை. குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "ஆறையும் மாத்திருங்க."

வெளியே வந்தார்கள். வெயிலில் கண் கூசியது. மரிய சூசை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாணுமாலயன் பழைய பசை இளகுவதற்கு டார்ச்சை மருந்துக் கிண்ணத்தில் ஊறப் போட்டார். துணியை விரித்தார். ட்வீசரைத் துடைத்து வைத்தார். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கையில் ஸ்கூட்டர் சாவி.

"எங்க டீச்சர் போறிய?"

"சாப்பாட்டுக்கு."

"அப்ப இது? பின்னால யாரு நிக்கது?"

ஜெசிந்தா படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர்! உடைஞ்சிட்டுன்னா?"

பாதிப் படியில் நின்று, அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"பார்சல் உங்களுக்கு மீனா, சாம்பாரா?"