கீரி நேராக்கிய கத்திரிப் பாத்தி

குளத்தங்கரைக் காட்டில் ஒரு கீரியும் முயலும் அணிலும் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டிருந்தன.

மற்றவர்கள் செய்த எந்த வேலையும் கீரியின் கண்ணுக்கு வேலையாகவே தெரியாது. அணில் வரப்பு கட்டினால், கீரி அதைக் கலைத்து மறுபடி கட்டும். முயல் களை எடுத்தால், பின்னாலேயே போய் இல்லாத களையைத் தேடும். அப்புறம், "எல்லாத்தையும் நான் ஒருத்தியே செய்ய வேண்டியிருக்கு!" என்று தலையில் அடித்துக்கொள்ளும்.

அப்போது அக்கினி வெயில் காலம். காய்த்து ஓய்ந்த வெண்டைச் செடிகள் பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. அவற்றுக்கு நடுவே கத்திரி நாற்று நட வேண்டும். கறையான் தின்றது போக நாற்றங்காலில் மிஞ்சியது முப்பதே நாற்று. விதையும் தீர்ந்துவிட்டது. இதுவும் போனால் மழை வரும்வரை காய்ந்த கோரையைத்தான் கடிக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் முயல் முப்பதையும் நட்டுவிட்டுப் போனது.

காலையில் கீரி வந்து பார்த்தது. பார்த்ததும் கத்தியது.

"ஐயோ! இது பாத்தியா, பாம்பு போன தடமா? ஒன்று இங்கே இருக்கு, ஒன்று அங்கே இருக்கு!"

"அக்கா, முயலண்ணன் அந்தப் புதர்லதான் தூங்குது. எழுப்பிக் கேட்போமா?" என்றது அணில்.

"கேட்டு என்ன ஆகப்போகுது? தன் கண்ணு கோணல்னு சொல்லுமா? தள்ளுடா!"

கீரி நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. வெட்டவெளியில் கோடு கிழித்து, அதன்மேல் நேராக நட்டது. இருபத்தேழு முடிவதற்குள் வெயில் ஏறி, அதற்கு முதுகு விட்டுப்போனது. மிச்சம் மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டது.

உச்சிப் பொழுது சாய்ந்தது. நேராக நின்ற இருபத்தேழும் நேராகவே படுத்துவிட்டன. கீரி ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றியது. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. கோணலாக விட்ட மூன்று மட்டும் வெண்டை இலை நிழலில் பச்சைப்பசேல் என்று நின்றன.

சத்தம் கேட்டு முயல் வந்தது. பாத்தியைப் பார்த்ததும் அதன் காதுகள் தொங்கிவிட்டன.

"அக்கா! பிற்பகல் வெயிலுக்கு வெண்டை நிழல் எங்கே விழும்னு பார்த்துப் பார்த்து நட்டேனே! வேரு பிடிக்கிற வரைக்கும் நிழல் வேணாமா?"

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?" என்று கீரி சீறியது.

"எதைச் சொல்ல வந்தாலும் 'தள்ளு, தள்ளு'ன்னுதானே சொல்றே! நானும் தள்ளிப் போயிட்டேன்."

வாடிய நாற்று ஒன்று கீரியின் கையிலேயே இருந்தது.

அணில் மெல்ல, மிஞ்சிய மூன்று நாற்றுக்கும் கொட்டாங்குச்சியில் தண்ணீர் கொண்டுவந்தது. கொட்டாங்குச்சியை ஒரு இலைமேல் சாய்த்து, சொட்டுச்சொட்டாக விட்டது. அதைப் பிடுங்க நீண்ட கீரியின் கை பாதியில் நின்றது.

"ஏன்டா இலைமேல ஊத்துறே?"

அணில் திகைத்துப்போனது. அக்கா கேள்வி கேட்டு அது பார்த்ததே இல்லை.

"மொத்தமா ஊத்தினா மண்ணு கரைஞ்சு வேரு வெளியே வந்துரும்க்கா."

"சரி... அப்படியே ஊத்து" என்றது கீரி.

ஒருவர் செய்த வேலையைத் திருத்தக் கை நீட்டுமுன், ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.