தும்பையின் ஆட்டம்

தை மாதம் பதினோராம் நாள், காலை ஏழு மணி இருபது நிமிடம். பனி ஆய்வுக்கூடத்தின் சன்னல்வரை வந்து நின்றிருந்தது. அப்பால் இருந்த மரங்கள் இல்லாதவைபோல் ஆகியிருந்தன.

“தும்பை நல்லாத்தான் வாழ்ந்தாளா, டாக்டரம்மா?” என்று கேட்டார் அன்று விடுப்பு எடுத்து வந்திருந்த இருளப்பன்.

தும்பை ஒரு கரடி. விலங்குப் பூங்காவில் பத்தொன்பது ஆண்டுகள் அவர் கையால் உண்டு, சென்ற மாதம் இறந்தது. அதன் தங்கை குன்றி அதே கூண்டில் இருக்கிறது. அதையும் இதுவரை வளர்த்தபடியே வளர்க்கலாமா என்பதுதான் அவருடைய கவலை.

நூருன்னிசா அவரைவிடப் பத்து வயது இளையவர். இறந்த விலங்குகளின் மூளையை மெல்லிய துண்டுகளாக்கிக் கண்ணாடியில் ஏற்றி, அவை வாழ்ந்த விதத்தைத் தேடுபவர். விலங்குகளைப் பற்றி எந்த ஐயம் எழுந்தாலும் இருளப்பன் அவரிடமே வருவார்.

நூருன்னிசா நுண்ணோக்கியைக் காட்டினார். இருளப்பன் குனிந்தார்.

ஊதா நிற வெளியில் ஒரு பாதை வளைந்து சென்றது. அதில் யாரோ மெல்ல நடப்பதுபோல் இருந்தது. நகங்கள் தரையில் உரசும் ஒலிகூடக் கேட்டது.

மூளையின் இந்த மடிப்பு நல்ல நாள்களில் தடிக்கும், கெட்ட நாள்களில் மெலியும், வாழ்ந்த நாள்கள் எல்லாம் சேர்ந்ததே இதன் அளவு என்று நூருன்னிசா விளக்கினார். முதுமையும் நோயும்கூட இதை மெலியச் செய்யும் என்பதால், ஒரு துண்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றார்.

“இது மெலிஞ்சிருக்கா?”

“மெலிஞ்சிருக்கு.”

வயதாகிவிட்டது, அதனால்தான் என்றார் இருளப்பன் அவசரமாக. அவள் மகிழ்ச்சிக்குத் தாமே சாட்சி. ஒவ்வொரு காலையும் தம்மைக் கண்டதும் ஆடுவாள். இப்போது குன்றியும் ஆடுகிறாள். தம் மனைவி இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் தம்மைக் கண்டு ஆடியதில்லை.

நூருன்னிசா சிரித்தார். “எப்படி ஆடுவா? ஆடிக் காட்டுங்கண்ணே.”

அவர் எழுந்து, கால்களை ஊன்றிக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டினார். இடம், வலம். சன்னலில் பனி அசைந்தது. அறையே அவரோடு மிதப்பதுபோல் இருந்தது.

நூருன்னிசா போதும் என்று சொல்லவில்லை.

கழுத்து வலித்தது.

“எவ்வளவு நேரம் ஆடுவா?”

அவர் வரும் ஆறு மணியிலிருந்து ஒன்பதுவரை. மாலை ஐந்துக்கு உள்ளறையில் அடைப்பதும், காலையில் முற்றத்தைக் கூட்டி முடித்த பிறகே கதவைத் தூக்குவதும் பூங்காவின் வழக்கம்.

“எப்ப நிறுத்துவா?”

“கதவைத் தூக்கினா நின்னுடு...”

அவர் தலை நடுவில் நின்றது.

மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்து கேட்டார். “உயிரோட இருக்கிற கரடிக்கு இது திரும்பத் தடிக்குமா?”

“கண்ணாடியில ஏறினப்புறம்தான் தடிக்காது.”

மறுநாள் காலை நூருன்னிசா தும்பையின் அளவை அறிக்கையில் எழுதினார். காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டார்.

இருளப்பன் விடியுமுன்பே முற்றத்தைக் கூட்டி முடித்தார். பனிக்குள் நின்று கதவைத் தூக்கினார்.

குன்றி இன்னும் ஆடத் தொடங்கியிருக்கவில்லை.