வெறும் இலையில் கை நனைத்தவன்

அந்தக் காலத்தில், மரமும் மிருகமும் மனிதரோடு ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, தேன்பாறை மலையில் மருதி என்று ஒருத்தி இருந்தாள். அவள் மூக்கைப் போல ஒரு மூக்கு அந்த மலையிலும் இல்லை, அடுத்த மலையிலும் இல்லை. இது நான் சொல்வதல்ல, அவளே சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமையும் இருந்தது.

ஒரு வருடம் மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலி பெருகும். தினை, சாமை, மலைநெல் எல்லாம் எலி வயிற்றுக்குள் போய்விட, பன்னிரண்டு குடிசையிலும் அடுப்பில் பூனை தூங்கியது.

அப்போதுதான் மருதி தன் பந்தியைத் தொடங்கினாள். மத்தியானம் ஆனால் எல்லாரையும் சந்தன மரத்தடியில் வரிசையாக உட்காரவைப்பாள். மிளகுக்கொடியைக் கசக்கி நீட்டி, "இது ரசம், உறிஞ்சிக் குடிங்க" என்பாள். காட்டு எலுமிச்சை இலை ஊறுகாய். மாவிஞ்சியைக் கீறினால் மாங்காய்ப் பச்சடி. மழையில் நனைந்த மண்ணே சுட்ட கிழங்கு. வேரும் கீரையும் கொஞ்சம் வயிற்றுக்குப் போகும், மிச்சத்தை மூக்கு தின்னும். ஒருவர்கூட மலையை விட்டு இறங்கவில்லை.

அடிவாரத்தில் பெருநிலம் வைத்திருந்த மாநம்பிக்கு இது பொறுக்கவில்லை. அந்த மலைமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். மலைக்குடிகளின் வழக்கமும் தெரியும்: வந்த விருந்தாளி கை நனைக்காமல் எழுந்துவிட்டால், அந்தக் குடி மலையை அவனிடம் விட்டுவிட்டு இறங்கவேண்டும். ஒருநாள் உச்சி வேளையில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன மருதி, விருந்து உண்டா? இல்ல, மூட்டையைக் கட்டுறீங்களா?"

"உக்காருங்க ஐயா. எங்க மலையில எது இல்ல?" என்றாள் மருதி.

தேக்கிலையை விரித்து, முறைப்படி தண்ணீர் தெளித்தாள். மிளகுக்கொடியையும் எலுமிச்சை இலையையும் மாவிஞ்சியையும் ஒவ்வொன்றாக அவன் மூக்கருகே கசக்கினாள். மாநம்பி முகத்தைச் சுளிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆனாலும் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"ரசம் இருக்கு, ஊறுகா இருக்கு. சோறு எங்க? சோறில்லாத பந்தியும் ஒரு பந்தியா?"

காடு முழுக்க மோந்தவள் மருதி. சோற்று வாசம் மட்டும் எங்குமே கிடையாது. சந்தன மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட இல்ல தாயி" என்றது அது.

அப்போது பலாக் கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, அடிக்க மாட்டேன்னு சொன்னா எறங்கி வரேன்."

மரநாய்.

"வளவளன்னு பேசாம விஷயத்தைச் சொல்லு."

"போன அறுப்புக்கு உன் மலைநெல்லுச் சோத்துப் பானையை உருட்டினது நான்தான். அவசரத்துல பானைக்குள்ளயே விழுந்துட்டேன். எத்தனை ஓடையில குளிச்சாலும் வாசம் போகல. அதான் உன் கண்ணுல படாமத் திரியறேன்."

அந்தப் பானையை உருட்டியவன் வாலை ஒட்ட அறுப்பேன் என்று மருதி சபதம் போட்டிருந்தாள். அவள் இப்போதும் அடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மரநாய் இறங்கியது. நடுங்கிக்கொண்டே இலையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தது.

வந்தது பாருங்கள் வாசம்! வடித்த சூட்டோடு மூடி திறந்த புதுநெல்லுச் சோறு! மாநம்பியின் தொண்டை ஏறி இறங்கியது. தொடைக்கு அடியில் கிடந்த கை எப்போது வெளியே வந்தது என்று அவனுக்கே தெரியாது. இலையில் இறங்கியது, பிசைந்தது, கவளம் உருட்டி வாய்வரை போனது. கையில் ஒரு பருக்கை இல்லை. விரல் நுனியில் தண்ணீர் சொட்டியது.

"ஐயா கை நனைச்சுட்டாரு! எல்லாரும் பாத்துக்குங்க!" என்று கூவினாள் மருதி.

மாநம்பி கையைப் பார்த்தான். நனைந்துதான் இருந்தது. இலையை மடித்துவிட்டு மலையிறங்கினான்.

மருதி மரநாயைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. "திருட்டுப் பயலே, அந்தப் பானை உனக்குன்னே ஆக்கினதா இருக்கட்டும். வாசத்தையும் நீயே வச்சுக்க. எங்க மண்ணைக் காத்த சோறுடா அது."

அன்று முதல்தான் மரநாய் போன வழியெல்லாம் சுடுசோறு மணக்கிறது; அந்த மணம் வந்தால் மலைக்குடிகள் நின்று, "நம்ம மண்ணு, நம்ம சோறு" என்று நெஞ்சை நிமிர்த்திவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள்.