ஃபின் மாட்டுவதற்கு முன்

சேசடிமை கடலுக்கடியில் பார்க்க விரும்பியது ஒரே ஒரு படகை. அவருடைய தம்பி கிளிட்டஸின் படகு. கல்லுக்கடவுக் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஆறு ஆள் ஆழத்தில் அது கிடந்தது. கிளிட்டஸ் கிடைக்கவில்லை. படகு மூழ்கியபோது சேசடிமை மஸ்கட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருந்தார். லீவு தரவில்லை. பதினோரு வருடம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறார்.

அந்த இடத்தில் பாறைமேல் அலை உடைவதால் வேறு படகைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. கரையிலிருந்து நடந்துதான் இறங்க வேண்டும்.

முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவள் ஜெனோவா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவர் அவளை ஆசானே என்று கூப்பிடுவார். முதலில் கேலியாக, பிறகு கேலி இல்லாமல். நாற்பது நாளில் மூச்சும் கைச்சைகையும் பழகிவிட்டன. இன்னும் ஐந்து நாளில் தென்மேற்குக் காற்று எழும். அதன்பின் மூன்று மாதத்துக்குக் கடல் கலங்கல்தான்.

காலுக்கு வேண்டியதை அவரே வாங்கி வரட்டும் என்றாள் ஜெனோவா. அதைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டிப்போவதா வேண்டாமா என்று சொல்வாளாம்.

அவர் கொச்சி வரை போய், உதைத்து நீந்த உதவும் ஃபின்களில் இருப்பதிலேயே நீளமானதை வாங்கி வந்தார். வெறுங்காலில் மாட்டும் வகை. நீல நிறம், மீன்வால் மாதிரி. கடைக்காரர் கெட்டி அடிப்பாகம் வைத்த பூட்ஸும் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். இவர் மறுத்துவிட்டார். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் கடலில் கால் வைப்போம், அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார்.

“இதை மாட்டினா எத்தனை உதையில படகுக்குப் போகலாம், ஆசானே?”

அவள் காற்றுச் சிலிண்டரை அவர் முதுகில் கட்டினாள். ஃபின்னைக் கையில் கொடுத்து, இடுப்பளவுத் தண்ணீர் வரை நடந்து திரும்பி வரச் சொன்னாள்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. எல்லாம் பால் நிறம். பாறைதான் மெல்ல நகர்வதுபோல இருந்தது அவருக்கு. காலடியைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்து நடந்தார். இடுப்பளவில் நின்றார். அங்கே ஓசையே இல்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை.

திரும்பும்போதுதான் எடை தெரிந்தது. அலை பின்னாலிருந்து தள்ளியது. பாறையில் ஒட்டியிருந்த கொட்டலசின் கூரிய ஓடு உள்ளங்காலைக் கீறியது. அவர் மேலேறி வந்த வழியெல்லாம் சிவந்த கால்தடங்கள். அலை ஏறி வந்து ஒவ்வொன்றாக அழித்தது.

கடலோடியின் காலுக்கு என்ன ஆச்சு என்று ஜெனோவா கேட்டாள். பழைய காய்ப்பை மஸ்கட் கிடங்குத் தரை தின்றுவிட்டது என்றார்.

நல்ல தண்ணீர் ஊற்றி அவர் காலைக் கழுவினாள். பிறகு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை முன்னால் வைத்தாள். முதலில் இது, இதற்குமேல் வார் போட்டுக் கட்டுகிற மாதிரி ஒரு ஃபின், அது குட்டையாக இருந்தால் போதும் என்றாள். இடுப்பளவில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஃபின்னை மாட்டுவார்கள். திரும்பும்போது அதே இடத்தில் கழற்றுவார்கள். அப்புறமும் காலில் இருக்கப்போவது பூட்ஸ்தான்.

அவர் தொடவில்லை.

“கடல்ல செருப்போட இறங்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். எங்க வீட்டுலயும் அப்படித்தான்.”

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கிளிட்டஸ் அண்ணன் அன்னிக்கு இந்தக் கல்லுமேலதான் செருப்பைக் கழட்டிவச்சாங்க. மூணு நாள் அப்படியே கிடந்துச்சு. யாரும் தொடல.”

மஸ்கட்டுக்கு வந்த எந்த ஃபோனிலும் இதை யாரும் சொன்னதில்லை. சேசடிமை அந்தக் கல்லைப் பார்த்தார். அது ஈரமாக இருந்தது.

“நாற்பது நாளா போற வழியைத்தான் கேட்கிறீங்க, அண்ணாச்சி. திரும்பி வர்ற வழியை ஒரு தடவையும் கேட்கல.”

“அங்க போய்ச் சேர்ந்தா போதும் எனக்கு.”

அவள் பூட்ஸை எடுத்து அவர் காலருகே தள்ளினாள்.

“இன்னொரு செருப்பைப் பார்த்துக்கிட்டு இங்க உட்கார என்னால ஆகாது. காலிலேயே போட்டுக்கிட்டு வாங்க.”