பூஜைக்கு உட்கார்ந்த பெட்டி

கேளுங்கள் இந்தக் கூத்தை. ஆயுத பூஜையன்று ஜவுளிக்கடை முதலாளி மாசிலாமணி கத்தினார்.

“வெப்சைட் போச்சு! தீபாவளி ஆர்டரெல்லாம் நிக்குது. அரை மணியில வரலேன்னா உன் சீட்டுக் கிழிஞ்சிடும், பூங்கொடி!”

கம்ப்யூட்டர் பார்க்கும் பூங்கொடி பூஜைப் பலகையைக் காட்டினாள். வெப்சைட்டை ஓட்டும் பெட்டி, ஒயரைப் பிடுங்கிய கோலத்தில், சந்தனப் பொட்டும் மாலையுமாகக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

“இதை இங்க வெச்சது யாரு?” என்று பாய்ந்தார் மாசிலாமணி.

கடையே முதலாளியைப் பார்த்தது. வேறு யாருக்கு அந்த அறிவு வரும்?

“சரி சரி, எடுத்து மாட்டு.”

“நாளை வரைக்கும் பூஜைச் சாமானை எவன் தொட்டாலும் வேலை காலின்னு காலையில சொன்னீங்களே. நீங்களே மாட்டிடுங்க, முதலாளி. உங்களை யாரு வேலையை விட்டுத் தூக்குவா?”

மாலையைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் மனிதர்.