முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

நாமக்கல் பைபாஸ் ஓரத்தில், பழைய கார் விற்கும் யார்டு ஒன்றில், வெள்ளை நிறச் சொகுசு எஸ்யூவி ஒன்று ஒரு காலத்தில் விற்பனைக்கு நின்றது. இரண்டு கை மாறி வந்த வண்டிதான். ஆனாலும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல விறைப்பாக நிற்கும்.

வண்டிக்குள் ஓயாத பெருமைப் பேச்சு. "என்னைத் திறந்தா வானமே உள்ள வந்துடும்" என்றது சன்ரூஃப். "உக்காந்தவங்க எந்திரிக்க மனசு வராம உக்காந்திருப்பாங்க" என்றது தோல் சீட். "எட்டே செகண்டுல நூறைத் தொடுவேன். என்னைப் பழசுன்னு எவன் சொன்னான்?" என்று உறுமியது என்ஜின்.

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் மிளகளவு இருந்த சிவப்பு விளக்கு மட்டும் இதில் சேரவில்லை. பிரேக்கில் கோளாறு வந்தால் எரிய வேண்டும், அது ஒன்றுதான் அதற்கு வேலை. மூன்று நாளாகப் பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் விளக்கு எரிந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. பாவம், அதற்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நூறைத் தொடறது இருக்கட்டும். நிக்க முடியுமா?" என்று கேட்டது.

"விக்கிற நேரத்துல அபசகுனமாப் பேசாதே!" எல்லாம் சேர்ந்து அதன் வாயை அடைத்தன.

யார்டுக்காரர் லோகு மட்டும் அன்று காலை விளக்கைக் கவனித்தார். பிரேக்கைப் பிரித்து மேய ஒரு வாரமாகும். வாங்குகிறவரோ பத்து மணிக்கு வருகிறார். மேலே கறுப்பு டேப் ஒட்டினால் விவரமானவன் சுரண்டிப் பார்ப்பான். லோகு யோசித்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு குட்டி முருகன் ஸ்டிக்கரை எடுத்து விளக்கின்மேல் ஒட்டி, பயபக்தியோடு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சாமியை எவன் சுரண்டப் போகிறான்?

"கொஞ்சம் தள்ளுங்க சாமி, என் வேலையை நான் பாக்கணும்" என்று பதறியது விளக்கு.

"நானா வந்தேன்? கொண்டுவந்து ஒட்டிட்டான்" என்றது படம் பரிதாபமாக.

கோழிப்பண்ணைக்காரர் செங்கோடன் மனைவி சுலோச்சனாவோடும் இரண்டு மகள்களோடும் வந்து சேர்ந்தார். சாவியைத் திருப்பினார். விளக்கு தன்னால் முடிந்தமட்டும் எரிந்தது. வெளிச்சம் ஸ்டிக்கரைத் தாண்டி வந்தது.

"ஏனுங்க, இங்க பாருங்க! சாமி ஜொலிக்குது!" என்றாள் சுலோச்சனா.

லோகுவுக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. உடனே சுதாரித்துக்கொண்டார். "ராசியான வண்டிங்கக்கா. எல்லாருக்கும் இப்படித் தெரியாதுங்."

செங்கோடனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? யார்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினார். சமதரையில் பிரேக் ஒருவழியாகப் பிடித்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். "நாளைக்கே கொல்லிமலை ஏறிட்டு வந்துடலாம்" என்றார் செங்கோடன்.

எழுபது கொண்டை ஊசி வளைவு! விளக்கு மனசுக்குள் எண்ணிப் பார்த்தது.

மறுநாள் ஏற்றத்தில் என்ஜினைப் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா என் இழுவையை?" என்று வளைவுக்கு வளைவு கேட்டது. இறக்கம் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றுபோனது. பிரேக் மிதி ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது.

"என்னால அடக்க முடியல. எடை தள்ளுது. அவருகிட்டச் சொல்லேன்!" என்று என்ஜின் விளக்கிடம் கெஞ்சியது.

"சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்று விளக்கு அழுதது.

"ஏம்புள்ள, பிரேக்கு கொஞ்சம் எறங்குற மாதிரி இருக்குதே? ஓரமா நிறுத்திப் பாக்கட்டுமா?" என்றார் செங்கோடன்.

விளக்குக்கு உயிர் வந்தது. நிறுத்து, நிறுத்து என்று எரிந்தது. மலை நிழலில் ஸ்டிக்கர் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. சுலோச்சனா அதைப் பார்த்தாள்.

"சாமி எப்படிப் பிரகாசமா நிக்கிறாரு பாருங்க. கூடவே வர்றாருங்க, தைரியமா ஓட்டுங்க."

செங்கோடனுக்கு மனம் லேசானது. ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த வளைவு தெரிந்தது. மிதி அடிவரை போனது. விளக்கு எரிந்தது. பின்சீட்டில் இருந்த மகள்களும் அதைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.